அறுபது அடி நிழல்

விளையாட்டு தொடங்கும் முன் என் கையில் ஒரு தாளைக் கொடுத்தார்கள். பெயர், இனம், தொழில், பலம், சாமர்த்தியம் என்று கட்டம் கட்டமாக இருந்தது. "நீ யாரா வேணும்னாலும் இருக்கலாம்" என்றார் ஆட்டத்தை நடத்திய கல்லூரி சீனியர். மேசையைச் சுற்றி ஐந்து பேர். அதில் நான் மட்டும்தான் பெண். மற்றவர்கள் வாள்வீரன், மந்திரவாதி, திருடன் என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். நான் புத்தகத்தைப் புரட்டி, ஒரு நிழலில் மறைந்து இன்னொரு நிழலில் எழக்கூடிய ஒரு துறவியைத் தேர்ந்தெடுத்தேன். ஏன் அதை எடுத்தாய் என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை. யாராக வேண்டுமானாலும் இருக்கலாம் என்று ஒருவர் சொன்னபோது, யார் கண்ணிலும் படாமல் இருக்கும் வரத்தைத்தான் நான் கேட்டிருக்கிறேன் என்பது பல மாதங்களுக்குப் பிறகே உறைத்தது.

இந்த விளையாட்டை அறியாத தோழிகளுக்குச் சில வரிகள். பெயர் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் இருவரும் உருவாக்கி வெளியிட்டார்கள். பலகை கிடையாது, சீட்டு கிடையாது. நாலைந்து பேர் உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி ஒரு கதையை நடத்துவார்கள். 'டன்ஜன் மாஸ்டர்' என்பவர் உலகத்தை விவரிப்பார். நாம் செய்ய நினைப்பது பலிக்குமா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். பாத்திரம் எந்தத் தொழிலைச் சேர்ந்தது என்பதைப் பொறுத்து அதற்குச் சக்திகள் கிடைக்கும். கதை நகர நகர லெவல் ஏறும், சக்தியும் ஏறும். விதிப்புத்தகங்கள் தடிமனானவை. ஒரு சமூகம் யாருக்கு எதை அனுமதிக்கிறது என்பதை எண்களில் எழுதி வைத்த புத்தகங்களாகவே நான் அவற்றை வாசிக்கிறேன்.

அப்படி வாசிக்க எனக்குக் காரணம் உண்டு. 1978இல் வந்த 'அட்வான்ஸ்ட்' பதிப்பின் வீரர் கையேட்டில் மனித இன ஆண் போராளியின் பலம் 18/100 வரை போகலாம். பெண் போராளிக்கு 18/50தான் உச்சம். டிராகன் பறக்கலாம், செத்தவர் எழுந்து வரலாம், ஒரு பெண் ஆணுக்குச் சமமான பலத்தோடு இருக்க மட்டும் விதியில் இடமில்லை. இந்த வரம்பு பின்னால் வந்த பதிப்புகளில் நீக்கப்பட்டது. ஆனால் கற்பனை எதையும் அனுமதிக்கும் என்று யாராவது சொன்னால், 18/50 என்ற எண்ணை நினைத்துக்கொள்கிறேன்.

நிழலுக்கு வருவோம். 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பிலும் அதன் துணைப் புத்தகங்களிலும் நிழலைத் தொட்ட பாத்திர வகைகள் பல. நான் எடுத்தது 'வே ஆஃப் ஷேடோ' துறவி. ஆறாம் லெவலில் 'ஷேடோ ஸ்டெப்' என்ற சக்தி கிடைக்கும். மங்கலான வெளிச்சத்திலோ இருட்டிலோ நிற்கும்போது, அறுபது அடிக்குள் கண்ணுக்குத் தெரிகிற இன்னொரு இருட்டுக்குக் கணத்தில் போய்விடலாம். 2017இல் வந்த 'ஸனதார்ஸ் கைட்' புத்தகத்தில் இன்னும் சில உண்டு. 'குளூம் ஸ்டாக்கர்' என்ற வனவீரர் முழு இருட்டில் நின்றால், இருளை ஊடுருவிப் பார்க்கும் கண்களுக்கும் தெரியமாட்டார். 'ஷேடோ மேஜிக்' என்ற மந்திரவாதிக்கு இருட்டின் உலகத்திலிருந்து சக்தி வருகிறது. 2020இல் வந்த 'தாஷாஸ் கால்ட்ரன்' புத்தகத்தின் 'ஷேடோ டச்ட்' என்ற சிறப்புத் தகுதியை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். மாயமாக மறையும் மந்திரம் அதோடு வரும்.

இந்தப் பட்டியலைப் படித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது டிராகனோ கோட்டையோ இல்லை. எங்கள் ஊர்ப் பேருந்து நிறுத்தத்தின் நிழற்குடை. கடைசிப் பேருந்தில் இறங்கினால் நிழற்குடைக்கும் முதல் தெருவிளக்குக்கும் நடுவில் ஒரு துண்டு இருட்டு. தூரம் அறுபது அடி இருக்கலாம். அங்கே பைக்கை நிறுத்திவிட்டுச் சிலர் உட்கார்ந்திருப்பார்கள். துப்பட்டாவை இழுத்துவிட்டு, போனைக் காதில் வைத்து, யாரிடமோ பேசுவதுபோல் நடந்து அதைக் கடப்பேன். பெண்களுக்கு இருட்டு பயம் என்கிறார்கள். இருட்டில் நம்மைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள்தான் பயம். இருட்டை நம் பக்கம் சேர்த்துக்கொள்ள முடிந்தால் எப்படியிருக்கும் என்ற ஆசையைத்தான் அந்தத் துறவி எனக்கு விற்றாள். நான் சந்தோஷமாக வாங்கினேன். அந்தச் சந்தோஷத்தை இந்தக் கட்டுரைக்காக மறுக்கப் போவதில்லை.

முதல் சிக்கல் ஒரு சத்திரக் காட்சியில் வந்தது. கதையில் ஒரு குடிகாரன் என் பாத்திரத்தின் தோளில் கைவைத்தான். ஆட்டத்தை நடத்தியவர் அதைச் சிரிப்பாகத்தான் விவரித்தார். நான் யோசிக்கவே இல்லை. "ஷேடோ ஸ்டெப், எதிர் மூலைக்கு" என்றேன். "அப்புறம்?" என்றார். "அப்புறம் வெளியே போறேன்" என்றேன். மேசையில் சலிப்பு எழுந்தது. பக்கத்தில் இருந்தவர் விதியை நினைவூட்டினார். நிழலில் தாவிய அதே திருப்பத்தில் அடித்தால் முதல் அடிக்கு இரண்டு பகடை உருட்டி நல்லதை எடுத்துக்கொள்ளலாம். "அடிக்கத்தானே அந்த சக்தி? வீணாக்கிட்டியே!"

அவர் சொன்னது சரிதான், விதி அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. அன்று இரவு மற்ற நிழல் வகைகளின் பக்கங்களையும் மறுபடி படித்தேன். குளூம் ஸ்டாக்கருக்குச் சண்டையின் முதல் திருப்பத்தில் ஓர் அடி கூடுதல், அது பட்டால் சேதமும் கூடுதல். நிழல் மந்திரவாதி எதிரியின் மேல் ஒரு கரிய வேட்டைநாயை ஏவிவிடலாம். புத்தகம் நிழலைப் பதுங்கிப் பாயும் இடமாகவே எண்ணிப் பரிசு தருகிறது. நழுவி உயிரோடு வீடு சேர்ந்தவளுக்கு அதில் பரிசு எதுவும் இல்லை. அந்த மேசையில் நாங்கள் எல்லோரும் ஒரே நிழலைத்தான் பார்த்தோம். அவர்கள் அதில் பதுங்குபவனாகத் தங்களைப் பார்த்தார்கள். நான் அதைக் கடந்து போகிறவளாக என்னைப் பார்த்தேன்.

இரண்டாவது சிக்கல், நிழலுக்கு என்ன விலை கொடுக்க வேண்டும் என்பது. நிழல் மந்திரவாதியின் பக்கத்தில், அந்தப் பாத்திரத்தின் விசித்திரங்கள் என்று சிறு பட்டியல் உண்டு. அதன்படி தொட்டால் உடம்பு பனிக்கட்டிபோல் இருக்கலாம், தூங்கும்போது மூச்சே தெரியாமல் இருக்கலாம், இதயம் நிமிடத்துக்கு ஒருமுறை மட்டும் துடிக்கலாம், பெரிய காயத்திலும் ரத்தம் அதிகம் வராமல் இருக்கலாம். இவை வேடிக்கைக்காக எழுதப்பட்டவை. ஆனால் காயத்தை வெளியே காட்டாத உடம்பு என்பதைப் படிக்கும்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை. நம் வீடுகளில் நல்ல பெண்ணுக்கு எழுதப்பட்ட இலக்கணமே அதுதான். அதே வகைக்கு முதல் லெவலிலேயே ஒரு சக்தி இருக்கிறது. உயிர்ப்புள்ளி பூஜ்யத்துக்கு விழும்போது, வசீகரத்தை வைத்துப் பகடை உருட்டி ஒரே ஒரு புள்ளியோடு நிமிர்ந்து நிற்கலாம். உருட்ட வேண்டிய எண், 5உடன் வாங்கிய அடியைக் கூட்டியது. அடி பெரிதானால் வசீகரமும் அதிகம் வேண்டும். விழாமல் நிற்பதைப் புத்தகம் வரமாகச் சொல்கிறது. சிரித்த முகத்தோடு விழாமல் நின்று காட்டிய பல பெண்களை எனக்குத் தெரியும். அவர்களில் ஒருத்தியிடம் இது வரமா என்று கேட்டுப் பாருங்கள்.

மூன்றாவது, நிறம். நிழலும் இருட்டும் யாருடைய உடம்பின்மேல் எழுதப்பட்டிருக்கின்றன என்ற கேள்வி. இந்த விளையாட்டின் மிகப் புகழ்பெற்ற இருள்வாசிகள் 'டிராவ்' எனப்படும் எல்ஃப்கள். 1978 வாக்கில் வந்த சாகசப் புத்தகங்களில் முழு உருவம் பெற்றார்கள். கறுத்த தோல், பாதாள வாழ்க்கை, பிறவிக் கொடூரம். அவர்கள் கும்பிடுவது லோல்த் என்ற சிலந்தி அரசியை. ஆட்சி முழுக்கப் பெண் பூசாரிகள் கையில். பெண்கள் ஆளும் ஒரு சமூகத்தைக் கற்பனை செய்ய உட்கார்ந்தவர்களுக்கு, அதைப் பூமிக்கு அடியில் வைக்கத் தோன்றியிருக்கிறது, கறுப்பாக்கத் தோன்றியிருக்கிறது, சிலந்தியைத் துணைக்கு வைக்கத் தோன்றியிருக்கிறது. அந்தச் சமூகத்திலிருந்து வந்த பிரபல நாயகன், ஆர். ஏ. சால்வடோரின் நாவல்கள் வழியே 1988இல் அறிமுகமான டிரிஸ்ட். அவனுடைய பெருமையே அம்மாவின் ஆட்சியிலிருந்து தப்பி வெளிச்சத்துக்கு வந்ததுதான். அங்கிருந்து தப்பிய மகள்களின் கதைக்கு அந்தப் புகழ் கிடைக்கவில்லை.

2020 ஜூனில், இனவெறிக்கு எதிரான போராட்டங்கள் அமெரிக்கத் தெருக்களை நிறைத்திருந்தபோது, விளையாட்டை வெளியிடும் விஸார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் ஓர் அறிக்கை விட்டது. ஆர்க், டிராவ் போன்றவர்கள் பிறப்பால் தீயவர்கள் என்று காட்டியதில் நிஜ உலகின் இனவெறிச் சாயல் இருந்ததை ஒப்புக்கொண்டது. 2024 கையேட்டில் 'ரேஸ்' என்ற சொல்லே போய் 'ஸ்பீஷீஸ்' வந்துவிட்டது. இது நல்ல மாற்றம். ஆனாலும் சொல்லை மாற்றினால் கறுப்பும் இருட்டும் தீமையும் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதை நிறுத்திவிடுமா என்று எனக்குச் சந்தேகம். 'கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா' என்ற வாக்கியத்தைக் கேட்டு வளர்ந்தவளுக்கு அந்தச் சந்தேகம் இயல்பு.

கண்ணில் படாமல் இருப்பதை நான் வரமாகக் கேட்டேன் என்றேன். அதையும் திருப்பிப் பார்க்க வேண்டும். நம் மண்ணில் அது தண்டனையாகவும் இருந்திருக்கிறது. திருநெல்வேலிப் பக்கம் புரத வண்ணார் மக்களைப் பகலில் பார்ப்பதே தீட்டு என்று சாதி விதித்திருந்தது. அவர்கள் இரவில்தான் வெளியே வந்து துணி வெளுக்க வேண்டியிருந்தது. 1930களில் இது பதிவாகியிருக்கிறது. இருட்டில் நடமாடும் திறமையை யாரும் அவர்களுக்குச் சக்தியாக எழுதித் தரவில்லை. ஆகவே நிழலில் மறைவது விடுதலை என்று நான் எழுதும்போது, மறையவும் வெளிப்படவும் எனக்கு இருக்கும் தேர்வையும் சேர்த்தே எழுத வேண்டும். தேர்வு இல்லாத இடத்தில் அது வெறும் விலக்கல்தான்.

நிழலைப் பற்றி இதைவிட நேர்மையாக யோசித்த ஓர் ஆட்டமும் உண்டு. 1994இல் ஒயிட் உல்ஃப் நிறுவனம் வெளியிட்ட 'ரெய்த்: தி அப்லிவியன்'. அதில் எல்லோரும் இறந்தவர்கள். ஒவ்வொருவருக்குள்ளும் ஒரு நிழல், அவரை அழிவை நோக்கி இழுக்கும் இருண்ட பாதி. உங்கள் நிழலாக நீங்கள் பேசுவதில்லை என்பதுதான் அதன் புதுமை. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இன்னொரு ஆட்டக்காரர் பேசுவார். உங்கள் பலவீனம் அவருக்குத் தெரியும். சரியான நேரத்தில் காதோடு வந்து, உன்னால் முடியாது என்பார், உதவுகிறேன் என்று ஆசை காட்டுவார்.

இதன் விதிகளைப் படித்தபோது யாரோ என் வீட்டுக்குள் எட்டிப்பார்த்தது போலிருந்தது. என் உள்மனம் என்று நான் நம்பிய குரலில் பாதி அத்தையுடையது, மீதி எதிர்வீட்டுக்காரருடையது. 'நாலு பேர் என்ன சொல்வாங்க' என்ற அந்த நாலு பேர் எனக்குள் உட்கார்ந்து என் குரலிலேயே பேசுகிறார்கள். நிழல் தனக்குள்ளிருந்து முளைப்பது, அதை ஏற்று முழுமை அடைவதே வளர்ச்சி என்று யுங்கின் உளவியலைத் தொட்டுச் செல்லும் கதைகள் சொல்லும். ஆணுக்கு அது பொருந்தலாம். பெண் தன் நிழலை ஏற்கும் முன், இதைப் பேசுவது யார் என்று மேசையைச் சுற்றிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இனி என் பக்கத் தவறைச் சொல்கிறேன். சில வருடம் கழித்து நான்கு பெண்கள் சேர்ந்து எங்களுக்கென்று ஒரு மேசை போட்டோம். நான் அதே துறவியை எடுத்தேன். ஒருநாள் கதையில் காவலர்கள் எங்களைச் சுற்றி வளைத்தார்கள். நான் பழக்க தோஷத்தில் நிழலில் தாவி மதிலுக்கு அப்பால் போய்விட்டேன். எங்களில் இளையவள், அன்றுதான் முதன்முறை விளையாட வந்தவள், என்னைப் பார்த்துக் கேட்டாள்: "அக்கா, நீங்க போயிட்டீங்க. நாங்க?"

அந்தக் கேள்வி ஒரு வாரம் என்னைத் தூங்கவிடவில்லை. நமக்குத் தெரிந்த ஒரு புராணக் கதை திரும்பத் திரும்ப வந்தது. சூரியனின் வெப்பம் தாங்காமல் அவன் மனைவி சஞ்ஞை, தன் நிழலுக்கு உயிர் கொடுத்து அங்கே வைத்துவிட்டுப் போய்விடுகிறாள். அந்த நிழல்தான் சாயாதேவி. சஞ்ஞையின் தப்புதலை நான் எப்போதும் கொண்டாடியிருக்கிறேன். அதே அடுப்பு, அதே வெப்பம், அதே பிள்ளைகளோடு விட்டுச்செல்லப்பட்ட சாயாவிடம் யாராவது சம்மதம் கேட்டார்களா என்று யோசித்ததில்லை. வேலைக்குப் போகும் நம் பலருடைய விடுதலைக்கும் பின்னால், நம் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் ஒரு சாயா நிற்கிறாள். 'ஷேடோ ஸ்டெப்' ஒருத்தியை மட்டுமே சுமக்கும். விதியிலேயே அப்படித்தான் இருக்கிறது.

பிறகு என் துறவியின் பக்கத்தை மறுபடி திறந்தேன். மூன்றாம் லெவலிலேயே கிடைக்கும், நான் ஒருநாளும் பயன்படுத்தாத ஒரு மந்திரம் இருந்தது. 'பாஸ் விதவுட் ட்ரேஸ்', தடம் விடாமல் கடப்பது. அதைச் செய்தால் என்னைச் சுற்றி முப்பது அடிக்குள் நான் விரும்பும் எல்லோர் மேலும் நிழலும் மௌனமும் படரும். மறைந்து செல்லும் பகடையில் ஒவ்வொருவருக்கும் 10 கூடும். இருபது முகப் பகடையில் பத்து என்பது சின்ன எண் இல்லை. இரும்புக் கவசம் சலசலக்க நடக்கும் தோழியும் காவலரைக் கடந்துவிடுவாள். அறுபது அடி தனியாகத் தாவும் சக்தியில் மயங்கி, முப்பது அடி கூட்டமாக நடக்கும் சக்தியை நான் கவனிக்கவே இல்லை.

ஆங்கிலத்தில் 'ஷேடோ' வேறு, 'ஷேட்' வேறு. ஒன்று பின்தொடரும், மற்றது ஒதுங்க இடம் தரும். தமிழில் இரண்டும் நிழல்தான். புருஷனுக்குப் பின்னால் நடப்பதும் நிழல், புளியமரத்தடியும் நிழல், பேருந்துக்குக் காத்திருக்கக் கட்டியதும் நிழற்குடை. விளையாட்டின் நிழல் வகைகளில் பெரும்பாலானவை முதல் பொருளோடு நின்றுவிட்டன. இந்த ஒரு மந்திரம்தான், தெரிந்தோ தெரியாமலோ, இரண்டாவது பொருளைத் தொட்டிருந்தது.

'தொட்டிருந்தது' என்று இறந்தகாலத்தில் எழுதக் காரணம் உண்டு. 2024 கையேட்டில் அந்தத் துறவிக்கு 'வாரியர் ஆஃப் ஷேடோ' என்று புதுப்பெயர். பல விதத்தில் அவள் பலம் கூடியிருக்கிறது. முன்பு அவள் உண்டாக்கும் மாய இருட்டு அவள் கண்ணையே மறைக்கும். இப்போது அந்த இருட்டுக்குள் அவளால் பார்க்க முடியும், அதை நகர்த்தவும் முடியும். ஆனால் அவள் பட்டியலிலிருந்து தடமின்றிக் கடக்கும் மந்திரத்தை எடுத்துவிட்டார்கள். வேறு தொழில்களுக்கு அது இன்னும் உண்டு. நிழலையே வழியாகக் கொண்டவளுக்கு மட்டும் இல்லை. ஆட்டச் சமநிலை என்பார்கள், அந்த மந்திரம் அளவுக்கு மீறிய பலமுள்ளது என்பது பல ஆட்டக்காரர்களின் கருத்தும்கூட. இருக்கலாம். விளைவை மட்டும் பாருங்கள். முன்பு அவள் நிழலில் எல்லோரும் மறைய முடிந்தது. இப்போது அவள் போடும் இருட்டில் அவள் மட்டும் பார்க்கிறாள், கூட வருபவர்கள் தடுமாறுகிறார்கள். ஒரு பெண் தனியாக முன்னேறியதைக் காட்டி இனி எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லும் காலத்துக்கு இது பொருத்தமான திருத்தம்தான்.

இது வெறும் விளையாட்டுதானே என்று கேட்கும் தோழிகளுக்கு என் பதில் எளிது. விளையாட்டு என்பதால்தான் விதியை மாற்ற முடிகிறது. மேசையில் இருப்பவர்கள் ஒப்புக்கொண்டால் போதும். பேருந்து நிறுத்தத்தின் விதியை மாற்ற இன்னும் எத்தனையோ பேர் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

எங்கள் மேசையில் இப்போது புதிய புத்தகம்தான். என் பாத்திரத்தின் தாளில் அந்தப் பழைய மந்திரத்தைப் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன். மற்ற மூவரும் சம்மதித்தார்கள். அதோடு ஒரு நிபந்தனையையும் சேர்த்தோம்: கூட இருக்கும் யாருடைய சம்மதமும் இல்லாமல் நான் தனியாகத் தாவக் கூடாது. அன்று கேள்வி கேட்டவள்தான் இந்த நிபந்தனையைத் தாளின் மேல் ஓரத்தில் தன் கையால் எழுதினாள். ஆட்டம் முடிய எட்டரை ஆகிவிடுகிறது. நிறுத்தம் வரை நான்கு பேரும் சேர்ந்துதான் நடக்கிறோம்.